சீட்டுக் காசு கைக்கு வருகிறது, வீட்டுக் கடனுக்குக் கட்டிவிடலாமா?

வாசகி கேட்டது:

நான் கிளிநொச்சி மாவட்டத்தில் ஆசிரியை. கணவர் இரணைமடுக் குளத்தின் கீழ் 3 ஏக்கர் வயல் செய்கிறார். மூத்த மகள் இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாள், சின்னவன் புலமைப்பரிசில் வகுப்பில் இருக்கிறான். சீனி வருத்தத்தோடு மாமியும் எங்களோடுதான்.

5 வருடத்துக்கு முன் வீடு கட்ட 21 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா வங்கிக் கடன் எடுத்தோம். 15 வருடம், 12 வீத வட்டி, மாதம் 25,800 ரூபா. 5 வருடமும் ஒரு தவணை பிந்தவில்லை. அப்படியிருந்தும் மீதி கிட்டத்தட்ட 18 இலட்சம் என்று வங்கியில் சொல்கிறார்கள். எங்கள் காசெல்லாம் எங்கே போனது? இதுவரை நிலையாக இருந்த வட்டி இனி வருடத்துக்கு ஒருமுறை மாறுமாம்.

அடுத்த மாதம் எனக்கு 3 இலட்சம் ரூபா சீட்டு வருகிறது. அதை அப்படியே வீட்டுக் கடனுக்குக் கட்டி, மகள் கம்பஸ் போவதற்குள் கடனைக் குறைக்க ஆசை. வேறு கடன்களும் உண்டு: வங்கியில் 2 இலட்சத்துக்கு நகை அடகு (15 வீதம், 7 மாதமாகிறது), குழுக் கடன் 1 இலட்சம் (மாதம் 10,333, இன்னும் 8 மாதம்), காலபோகத்துக்கு உரக்கடையில் எடுத்த சாமான் 65,000. சீட்டுக்கும் இன்னும் 8 மாதம் 15,000 கட்ட வேண்டும். மகள் பேரில் 1 இலட்சம் ரூபா நிலையான வைப்பு இருக்கிறது. கணவரின் அண்ணா கனடாவிலிருந்து உதவுவதாகச் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வீட்டுக் கடனை முன்கூட்டியே முடிக்கலாம். உங்கள் கணக்குப்படி 10 வருடத்தை 6 வருடம் 3 மாதமாகக் குறைக்க முடியும். ஆனால் அடுத்த மாதம் வரும் சீட்டுக் காசில் ஒரு ரூபாகூட வீட்டுக் கடனுக்குப் போகக் கூடாது. ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் மனத்தை அரிக்கும் கேள்வி. வங்கி உங்களை ஏமாற்றவில்லை. 60 தவணையில் நீங்கள் கட்டியது 1,548,000 ரூபா. அதில் ஏறத்தாழ 12 இலட்சம் வட்டிக்கும் மூன்றரை இலட்சம் முதலுக்கும் போயிருக்கிறது. நீண்டகாலக் கடனின் ஆரம்ப வருடங்கள் இப்படித்தான் இருக்கும். தவணை அட்டவணையை வங்கியில் கேட்டு வாங்கி, அடுத்த மாதத்து வரியைப் பாருங்கள். 18 இலட்சத்துக்கு மாதம் நூற்றுக்கு 1 வீதம் வட்டி 18,000. நீங்கள் கட்டும் 25,800இல் மிச்சம் 7,800தான் கடன் முதலிலிருந்து கழிகிறது. அதற்கடுத்த மாதம் மீதி 1,792,200, வட்டி 17,922, முதலுக்கு 7,878. கூடியது 78 ரூபா. இந்த வேகத்திலேயே போனால் மிச்ச 10 வருடத்தில் இன்னும் 13 இலட்சம் வட்டி கட்டுவீர்கள்.

முதலுக்கென்று மேலதிகமாகக் கட்டும் காசுக்கு இருக்கும் பலமும் இந்த அட்டவணையில்தான் தெரியும். இன்று கடன் முதலிலிருந்து 50,000 ரூபாவைக் கழித்தால் கடைசியில் வரும் 6 தவணைகள் இல்லாமல் போகின்றன. அதாவது ஒன்றரை இலட்சத்துக்கு மேல். அதே 50,000ஐ கடன் முடிய 2 வருடம் இருக்கும்போது கட்டினால் இரண்டரைத் தவணைதான் குறையும். ஆகவே முந்திக் கட்ட வேண்டும் என்ற உங்கள் எண்ணம் சரியானது. ஆனால் அதைவிடக் கூடிய வட்டிக்கு வேறு கடன் ஓடிக்கொண்டிருந்தால், காசு முதலில் அங்கேதான் போக வேண்டும்.

நகையிலிருந்து தொடங்குங்கள். 2 இலட்சத்துக்கு 15 வீதம் என்றால் மாதம் 2,500 ரூபா. அதே 2 இலட்சத்தை வீட்டுக் கடனில் கட்டினால் மாதம் 2,000 ரூபாதான் மிச்சம். மாதம் 500 ரூபா வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. வீட்டுக் கடனுக்குள் போன காசைத் திரும்ப எடுக்க முடியாது. நாளைக்கு மாமியைத் திடீரென்று யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டி வந்தால், போன மாதம் 3 இலட்சம் கட்டினேனே, அதில் 30,000 தாருங்கள் என்று வங்கியில் கேட்க முடியுமா? மீட்ட நகை அப்படியல்ல. அலுமாரியில் இருக்கும் நகை, தேவை வந்தால் அன்றைக்கே காசாகும். அடகில் கிடக்கும் நகையோ தவணை தவறினால் ஏலத்துக்குப் போகும். ஆகவே 2 இலட்சமும் 7 மாத வட்டி 17,500உம் சேர்த்து ஏறத்தாழ 217,500 ரூபா நகைக்கு. போவதற்கு முன் அடகுச் சீட்டிலுள்ள திகதியைப் பாருங்கள். புதிய மாதம் தொடங்கி ஒரு நாள் தாண்டினாலும் முழு மாத வட்டி எடுப்பார்களா, நாள் கணக்கா என்று கேட்டு, அதற்கேற்ற நாளில் மீளுங்கள்.

கையில் 82,500 மிஞ்சும். அடுத்தது குழுக் கடன். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, அவசரப்படக் கூடாது.

ஒரு இலட்சத்துக்கு மாதம் நூற்றுக்கு 2, வருடத்துக்கு 24,000, ஆகவே 124,000ஐ 12ஆல் பிரித்து 10,333. கேட்க 24 வீதம். ஆனால் முதல் தவணையிலேயே வாங்கிய தொகையில் 8,333ஐத் திருப்பிக் கொடுத்துவிடுகிறீர்கள், இரண்டாவது மாதமும் முழு இலட்சத்துக்குத்தான் வட்டி. கடைசித் தவணையில் உங்கள் கையில் இருப்பது 8,000 சொச்சம், வட்டி அப்போதும் ஒரு இலட்சத்துக்கே. வங்கி கணக்கிடுவதுபோல் குறையும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் இது வருடத்துக்கு 41 வீதத்தைத் தாண்டும். உங்களிடமுள்ள கடன்களில் மிக விலைகூடியது இதுதான்.

என்றாலும், எடுத்தாயிற்று. இப்போது முடிப்பதில் இலாபம் இருக்கிறதா என்பது அந்த நிறுவனம் என்ன தொகை கேட்கிறது என்பதில் தங்கியிருக்கிறது. மிச்ச 8 தவணையும் சேர்ந்தால் 82,664. குறையும் மீதிக் கணக்கில் இன்று நீங்கள் தர வேண்டியது 71,000 ரூபா அளவில். அலுவலகத்துக்குப் போய், இன்று முடித்தால் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். வட்டியைக் கழித்து 71,000, 72,000 என்று சொன்னால் உடனே முடித்துவிடுங்கள். மாதம் 10,333 உடனே விடுபடும். முழு 82,664உம் கேட்டால் முந்திக் கட்டுவதில் உங்களுக்கு ஒரு சதமும் மிச்சமில்லை. அப்படியானால் வழமைபோல் மாதாமாதம் கட்டிக்கொண்டு போங்கள், அந்தக் காசை உரக்கடைக்குக் கொடுங்கள். முடித்த கையோடு புதிய கடன் தருகிறோம் என்பார்கள். குழுவில் மற்றவர்களுக்காக உங்களைக் கையெழுத்து வைக்கச் சொல்லவும் கூடும். இரண்டுக்கும் மறுத்துவிடுங்கள்.

உரக்கடைக் கடனை அறுவடைக்கு முன்பே கட்டுவதில் வேறொரு இலாபம் இருக்கிறது. கடனுக்குப் பசளை எடுத்தவர்கள் நெல்லை அந்தக் கடைக்கோ கடைக்காரர் காட்டும் வியாபாரிக்கோ கொடுக்க வேண்டிவரும். மெசின் வெட்டிய ஈர நெல்லை வயற்கரையிலேயே, எல்லோரும் விற்கும் அதே கிழமையில், கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வருவார்கள். ஈரப்பதனுக்கென்று மூடைக்கு இத்தனை கிலோ கழிவு வேறு. கடன் இல்லாதவர் காயவைத்து, விலையைப் பார்த்து விற்கலாம். நெல் சந்தைப்படுத்தல் சபை வாங்குவதென்றாலும் 14 வீதத்துக்கு மேல் ஈரப்பதன் இருக்கக் கூடாது. அதற்கும் காயவைக்க நாலு நாள் வேண்டும். அந்த நாலு நாளைத்தான் உரக்கடைக் கடன் உங்களிடமிருந்து பறிக்கிறது. கடைக்காரரிடம் முழுக் காசையும் காட்டி, அறுவடைவரை பொறுக்காமல் இப்போதே தருகிறோம், எவ்வளவு குறைப்பீர்கள் என்று கணவர் கேட்கட்டும். காசு விலைக்கும் கடன் விலைக்கும் வித்தியாசம் வைத்துத்தான் விற்றிருப்பார், கொஞ்சமாவது குறைப்பார்.

ஆக, குழுக் கடன்காரர் வட்டியைக் கழித்தால் குழுக் கடன், கழிக்காவிட்டால் உரக்கடை. எதுவானாலும் சீட்டுக் காசு அநேகமாக இத்தோடு முடிகிறது. சீட்டை எடுத்ததும் அது உங்கள் காசு என்ற நினைப்பு வரும். அதில் 120,000 ரூபா இனிமேல்தான் கட்டப்போகிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம். எடுத்த கைக்கு அதுவும் கடன்தான். அந்த 15,000ஐச் சம்பளத்திலிருந்து முதலில் ஒதுக்கிவிடுங்கள். நாலு பேர் முகம் பார்த்து நடத்தும் காரியம், பிந்தினால் ஊரில் பேச்சு வரும்.

இப்போது 8 மாதம் கழித்து என்ன நடக்கிறது என்று பாருங்கள். குழுக் கடனை முந்தி முடிக்காவிட்டாலும், அந்த 10,333உம் சீட்டு 15,000உம் அப்போது முடிந்திருக்கும். மாதம் 25,333 ரூபா விடுபடுகிறது, கிட்டத்தட்ட இன்னொரு வீட்டுக் கடன் தவணையளவு காசு. இத்தனை காலமும் அது இல்லாமலே குடும்பம் ஓடியது. ஆகவே அது செலவோடு கலக்கும் முன்பே பிரித்துவிட வேண்டும். நான் சொல்வது: 10,000 வீட்டுக் கடன் முதலுக்கு, 10,000 வயலுக்கென்று தனிக் கணக்கில், மிச்ச 5,000 சொச்சம் மகளின் ரியூசனுக்கும் மாமியின் மருந்து, பயணச் செலவுக்கும். புதுச் சீட்டில் சேராதீர்கள், குறைந்தது வயற்கணக்கு நிறையும்வரை.

அந்த 10,000ஐ 9ஆவது மாதத்திலிருந்து தவறாமல் கட்டினால், வட்டி 12 வீதத்திலேயே இருக்குமென்று வைத்துக்கொண்டால், கடன் இன்றிலிருந்து 75ஆவது மாதத்தில் முடியும். வட்டியில் மிச்சம் சுமார் 5 இலட்சம். மகள் உயர்தரம் முடித்து, பெறுபேறு வந்து, கம்பஸ் கிடைத்து இரண்டாம், மூன்றாம் வருடம் படிக்கும்போது வீடு ஈட்டிலிருந்து விடுபட்டிருக்கும். அவள் போவதற்குள் முழுவதும் முடியாது, அதைச் சொல்லிவிடுகிறேன். அதற்காக ரியூசன் காசில் கை வைக்க வேண்டாம். சாதாரண தரமும் புலமைப்பரிசிலும் ஒரே வருடத்தில் வரும் வீடு உங்களுடையது. இந்த வருடத்துக்கு, வழமையான தவணையைப் பிந்தாமல் கட்டினாலே போதும்.

வயலுக்குத் தனிக் கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம்? வன்னியில் மாதச் சம்பளமும் போகக் காசும் கலந்து வரும் குடும்பங்கள் கடனை முந்திக் கட்ட முயன்று தடுமாறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். மாசி, பங்குனியில் காலபோக நெல் விற்ற காசு வருகிறது. உற்சாகத்தில் அத்தனையையும் வங்கியில் கொண்டுபோய்க் கட்டுகிறார்கள். புரட்டாதி, ஐப்பசியில் உழவுக்கும் விதைநெல்லுக்கும் பசளைக்கும் கையில் ஒன்றுமில்லை. நகை மறுபடி அடகுக்குப் போகிறது, பசளை மறுபடி கடனுக்கு வருகிறது. 12 வீதக் கடனைக் குறைக்க 15க்கும் 40க்கும் கடன் எடுத்ததாக முடிகிறது. நெல் விற்ற அன்றைக்கே அடுத்த காலபோகத்துக்கான உழவு, விதை, பசளை, எண்ணெய், வெட்டுக்கூலி முழுவதையும் இந்த வருடச் செலவைப் பார்த்துக் கணக்கிட்டு, அந்தத் தொகையைப் பிரித்து வையுங்கள். அதற்கு மேல் மிஞ்சுவதில் பாதியைக் கடனுக்குக் கொடுக்கலாம்.

சிறுபோகத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். குளத்தில் நிற்கும் தண்ணீரைப் பார்த்து, எத்தனை ஏக்கருக்கு விடுவது என்று கூட்டத்தில் தீர்மானித்த பிறகுதான் உங்கள் பங்கு தெரியும். கிடைத்தால் அது மேலதிகம். காலபோகத்தையும் முழுதாக நம்ப முடியாது. 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பயிரும் வீடும் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். அப்படியொரு வருடம் வந்தாலும் வீட்டுத் தவணை 3 மாதத்துக்குச் சம்பளத்தைத் தொடாமல் கட்டக்கூடிய கையிருப்பு வேண்டும். 25,800 மூன்று தரம், 77,400.

அந்தக் கையிருப்பு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, மகள் பேரிலுள்ள 1 இலட்சம் வைப்பு. வைப்புக்கு 8 வீதம் கிடைத்து கடனுக்கு 12 வீதம் கட்டினால், வைப்பை உடைத்துக் கடனைக் கட்டுவதுதான் இலாபம் என்று கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லலாம். வெறும் கணக்காக அது சரி. வருடத்துக்கு 4,000 ரூபா வித்தியாசம். அந்த 4,000 உங்கள் குடும்பத்தின் பாதுகாப்புக்குக் கொடுக்கும் விலை என்று நினைத்துக்கொள்ளுங்கள். உடைக்காதீர்கள். பிள்ளை பேரிலுள்ள வைப்பை இடையில் எடுக்க முடியுமா, எந்த நிபந்தனையில் என்பதை மட்டும் இப்போதே கேட்டு வையுங்கள். அவள் வயது வந்த பிறகுதான் எடுக்கலாம் என்றால் அது கையிருப்பாகாது. அப்போது வயற்கணக்கில் அதே அளவு சேர்ந்த பிறகே வீட்டுக் கடனுக்கான 10,000ஐத் தொடங்குங்கள். உங்கள் பேரில் வைப்பு வைத்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து வைப்பு வட்டியில் 10 வீதம் வரி பிடிக்கிறார்கள். வருட வருமானம் 18 இலட்சத்துக்குள் உள்ளவர்கள் வங்கியில் பிரகடனம் கொடுத்தால் பிடிக்கமாட்டார்கள்.

அரச ஊழியருக்கான இடர் கடனைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. அதன் வட்டி வங்கிக் கடனைவிட மிகக் குறைவு, ஆகவே அதை எடுத்து வீட்டுக் கடனைக் கட்டினால் என்ன என்று பாடசாலையில் யாராவது யோசனை சொல்லக்கூடும். எடுக்காமல் விட்டுவையுங்கள். சம்பளத்தில் கழிவு கூடினால் கையில் வருவது குறையும். உண்மையான இடர் வரும்போது, 15க்கும் 40க்கும் போகாமல் உங்களைக் காப்பது அதுவாகத்தான் இருக்கும்.

வங்கியில் எப்படிக் கட்டுவது என்பதற்கு வருவோம். காசைக் கொண்டுபோய் உங்கள் சேமிப்புக் கணக்கில் போட்டுவிட்டு வந்தால் கடன் குறையாது. மாதம் 25,800 மட்டுமே ஸ்ராண்டிங் ஓடரில் (வங்கி மாதாமாதம் தானாகப் பிடிக்கும் ஏற்பாட்டில்) போகும், மிச்சம் சேமிப்பிலேயே கிடக்கும். கடன் கணக்கில் கட்டினாலும், வரும் மாதங்களின் தவணையை முற்கூட்டிக் கட்டியதாகப் பதிந்தால் வட்டி குறைய வேண்டிய அளவு குறையாது. ஆகவே ஒரு சிறிய கடிதம் கொடுக்க வேண்டும். கடன் இலக்கம், தொகை, ‘இத்தொகையை முதலுக்கான பகுதிக் கொடுப்பனவாக வரவு வைத்து, மாதத் தவணையை மாற்றாமல் கடன் காலத்தைக் குறைக்கவும்’ என்ற ஒரு வரி, உங்கள் இருவரின் கையெழுத்து. பிரதியில் முத்திரை குத்தித் திகதியோடு வாங்குங்கள். மாதாமாதம் 10,000 கட்டுவதை வங்கி ஏற்காவிட்டால், தனிக் கணக்கில் சேர்த்து 3 மாதத்துக்கு ஒருமுறை 30,000ஆகக் கட்டுங்கள், பெரிய நட்டமில்லை.

கட்டும் முன் உங்கள் கடன் உடன்படிக்கையில் முன்கூட்டிய கொடுப்பனவுக்குக் கட்டணம் உண்டா என்று பாருங்கள். பகுதியாகக் கட்டுவதற்கும் முழுதாக முடிப்பதற்கும் வேறு வேறு கட்டணம் இருக்கலாம். இருந்தாலும் பயப்பட வேண்டாம். உதாரணத்துக்கு 2 வீதம் என்றால் 50,000க்கு 1,000 ரூபா. அந்த 50,000 மாதம் 500 ரூபா வட்டியை மிச்சப்படுத்துகிறது, ஆகவே இரண்டே மாதத்தில் கட்டணம் திரும்பிவிடும். கடனின் கடைசி ஓரிரு மாதங்களில் மட்டும் கட்டணம் கொடுத்து முந்தி முடிப்பதில் அர்த்தமில்லை.

தவணையைக் குறைப்பதா, காலத்தைக் குறைப்பதா என்று வங்கியில் கேட்பார்கள். பெருந்தொகை கட்டும்போது இது பெரிய விடயம். கணவரின் அண்ணா 3 இலட்சம் அனுப்பி, அதை இன்றைய மீதியில் கட்டினால் என்று வைத்துக்கொள்வோம். தவணை 25,800ஆகவே இருந்தால் கடன் 88 மாதத்தில் முடியும், வட்டியில் மிச்சம் சுமார் 5 இலட்சத்து 40 ஆயிரம். காலத்தை 10 வருடமாகவே வைத்துத் தவணையை 21,500ஆகக் குறைத்தால் மிச்சம் சுமார் 2 இலட்சத்து 15 ஆயிரம்தான். ஒரே காசு, ஒரே வட்டி. முதல் வழியில் மாதம் 4,300 கூடக் கட்டிக்கொண்டேயிருக்கிறீர்கள், அதனால்தான் வித்தியாசம். இதில் பலர் கவனிக்காத மூன்றாவது வழியும் உண்டு. தவணையைக் குறைக்கச் சொல்லிவிட்டு, அந்த 4,300ஐ நீங்களே விரும்பி முதலுக்குக் கட்டலாம். கணக்கு முதல் வழிக்குச் சமம். வெள்ளம் வந்த வருடத்திலோ பரீட்சைச் செலவு நெருக்கும் மாதத்திலோ 21,500 மட்டும் கட்டினால் யாரும் உங்களைக் கேட்கமுடியாது. விளைச்சலை நம்பும் வீட்டுக்கு இது நல்ல வழி. மாதாமாதம் சிறு தொகையைக் கட்டணமில்லாமல் வங்கி ஏற்க வேண்டும், நீங்களும் அந்த 4,300ஐ வேறு செலவில் விடாதவர்களாக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று சந்தேகமென்றால் காலத்தைக் குறைப்பதே மேல்.

கட்டிய அடுத்த மாதம் கணக்குக் கூற்றை எடுத்து வட்டி நிரலைப் பாருங்கள். 50,000 கட்டியிருந்தால் வட்டி, வழமையான குறைவுக்கு மேலதிகமாக 500 ரூபா குறைந்திருக்க வேண்டும். குறையவில்லையென்றால் காசு முதலில் பதியப்படவில்லை. அன்றைக்கே முத்திரையிட்ட பிரதியோடு கிளைக்குப் போங்கள். 6 மாதம் கழித்துப் போனால் திருத்துவது கடினம்.

வட்டி மாறப்போகிறது என்பதை இலேசாக எடுக்க வேண்டாம். 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. மாறும் வட்டிக்குக் கடன் எடுத்திருந்தவர்களின் தவணை அதன் பிறகு எப்படி ஏறியது என்று உங்கள் சக ஆசிரியர்களே சொல்வார்கள். பின்னர் வீதங்கள் இறங்கின. ஆகவே முகாமையாளரிடம் மூன்று விடயம் கேளுங்கள். புதிய வட்டி எந்த வீதத்தை அடிப்படையாகக் கொண்டது, அதற்கு மேல் வங்கி எவ்வளவு சேர்க்கிறது? வட்டி ஏறினால் தவணை ஏறுமா, காலம் நீளுமா? மறுபடியும் சில வருடத்துக்கு நிலையான வட்டி தருவார்களா? 60 தவணையும் பிந்தாமல் கட்டியவர் நீங்கள், கடன் தகவல் பணியகத்தில் உங்கள் பெயர் சுத்தமாக இருக்கும். அதைச் சொல்லி வட்டியைக் குறைக்கும்படி எழுத்தில் கேளுங்கள். 18 இலட்சத்துக்கு 1 வீதம் குறைந்தால் முதல் மாதமே 1,500 ரூபா மிச்சம். வேறு வங்கிக்கு மாற்றுவதை அதற்குப் பிறகு யோசியுங்கள். புதிய மதிப்பீடு, சட்டத்தரணி கட்டணம், புதிய ஈட்டு முறி (அடமானப் பத்திரம்), பழைய வங்கியின் முடிப்புக் கட்டணம் எல்லாம் சேர்ந்து முதல் வருட மிச்சத்தை விழுங்கக்கூடும்.

அண்ணாவின் உதவி அன்பளிப்பா, திருப்பிக் கொடுக்க வேண்டியதா என்பதைக் கணவர் முதலிலேயே பேசித் தெளிவாக்கட்டும். வாய்ப்பேச்சோடு விடாமல் ஒரு வட்ஸப் செய்தியாவது இருக்கட்டும். உண்டியலில் வேண்டாம், வங்கி மூலம் அனுப்பட்டும். நாளைக்கு யார் கேட்டாலும் காட்டப் பதிவு இருக்கும். திருப்பிக் கொடுக்க வேண்டிய காசென்றால் அதைக் கொண்டு வீட்டுக் கடனைக் கட்ட வேண்டாம். சகோதரருக்குள் எப்போது கேட்பார் என்று தெரியாத கடனைவிட, திகதி தெரிந்த வங்கிக் கடன் நல்லது.

கடைசித் தவணை கட்டிய அன்றோடு வேலை முடிந்துவிடுவதில்லை. கடன் முடிந்ததற்கான கடிதத்தை வாங்குங்கள், ஸ்ராண்டிங் ஓடரை நிறுத்துங்கள். கடனோடு எடுத்த ஆயுள் காப்புறுதியில் மிச்சக் காலத்துக்கு ஏதும் திருப்பித் தருவார்களா என்று கேளுங்கள், கேட்காவிட்டால் பெரும்பாலும் யாரும் சொல்லமாட்டார்கள். ஈட்டு முறியை விடுவிக்கும் பத்திரத்தை எழுதிக் காணிப் பதிவகத்தில் பதிவிக்க வேண்டும். பதிந்து சில காலம் கழித்துத் தோம்பு (காணிப் பதிவேட்டுப் பிரதி) எடுத்துப் பார்த்து, ஈடு நீங்கியதாக அதில் ஏறியிருக்கிறதா என்று உறுதிப்படுத்துங்கள். பலர் உறுதியைக் கையில் வாங்கியதோடு வந்துவிடுகிறார்கள். 10 வருடம் கழித்துப் பிள்ளைக்கு எழுதப்போகும்போதுதான் பழைய ஈடு பதிவில் அப்படியே இருப்பது தெரியவரும்.

உங்கள் காணி உறுதிக் காணியா, பெர்மிட் அல்லது அளிப்புப் பத்திரக் காணியா என்று எழுதவில்லை. அளிப்புக் காணியென்றால் பிரதேச செயலகத்தின் சம்மதத்தோடுதான் வங்கி ஈடு எடுத்திருக்கும். ஆகவே விடுவிப்பின் பிரதியைக் காணிக் கிளைக்கும் கொடுத்து, அவர்களுடைய பதிவேட்டிலும் குறிக்கச் சொல்லுங்கள். போன கையோடு பின்னுரித்தாளராக யாருடைய பெயர் இருக்கிறது என்றும் பாருங்கள்.

கடனுக்குச் சக ஆசிரியர்கள் யாராவது பிணை நின்றிருந்தால், அவர்களுக்கும் வங்கிக் கடிதத்தின் பிரதி ஒவ்வொன்று கொடுங்கள். அவர்கள் தங்கள் வீட்டுக்குக் கடன் கேட்டுப் போகும் நாளில் அது தேவைப்படும்.